மெஷினைக் கடைசியாக வாங்குங்கள்: திருகோணமலையில் டை வெட்டு அட்டை செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

வாழ்த்து அட்டைகளுக்காக மட்டையைப் பூ, இலை வடிவங்களில் வெட்டும் டை மெஷின் கைக்கு வந்து சேர்ந்த அன்று வீட்டில் வெட்டுவதற்கு உருப்படியான மட்டை ஒன்றும் இருக்கவில்லை. மகனின் பாடசாலை வேலைக்கு வாங்கி மிஞ்சிய பிரிஸ்டல் போட் ஒன்றை எடுத்து, அதன்மேல் பூ டையை, அதாவது பூ வடிவில் வெட்டும் உலோகத் தகட்டை வைத்து, கைபிடியைச் சுற்றினேன். மார்கழி மாதம், மூன்று நாளாக விடாத மழை. பூ என்று வெளியே வந்தது ஓரமெல்லாம் பஞ்சு கிளம்பிய ஈரத் துண்டு. மெஷின் பழுது என்று விற்றவரோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனிசன். பழுது மட்டையில்தான் என்று விளங்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் டைகளுக்குக் கொட்டிய காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

இந்த வேலையைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மெஷின் நல்லது அக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியை நாலாம் படிக்குத் தள்ளியிருக்கிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

1. ஒரு மாதம் கையால் செய்யுங்கள்

டை என்பது மெல்லிய உலோகத் தகடு. பூ, இலை, எழுத்து, சட்டம் என்று ஏதோ ஒரு வடிவத்தின் கோடு அதில் கூராக எழும்பியிருக்கும். மட்டையில் வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் அந்தக் கோட்டின்படி வெட்டுப்படும். அவ்வளவுதான் அதன் வேலை. அட்டையை நேராக மடிப்பது, பசை வழியாமல் ஒட்டுவது, நிறம் பொருத்துவது எதையும் டை செய்து தராது. இவை கைக்கு வராமல் மெஷின் வாங்கினால் அழகாக வெட்டிய துண்டுகளைக் கோணலாக ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் மாதத்துக்குத் தேவையானவை: இரும்பு அடிமட்டம், கட்டர், கூரான சிறு கத்தரிக்கோல், டபுள் டேப், மெல்லிய முனை வைத்த வெள்ளைப் பசை, மை முடிந்த போல்பொயின்ற் பேனை ஒன்று. பேனை எதற்கு என்றால், மடிக்க வேண்டிய இடத்தில் அடிமட்டத்தை வைத்து, மை இல்லாத முனையால் அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடித்தால் மடிப்பு கத்தி போல வரும். இதற்கென்றே விற்கிற பலகையை நான் பிறகு வாங்கினேன். இப்போதும் அவசரத்துக்குக் கையில் எடுப்பது பேனையைத்தான்.

2. கடதாசி: காசு போக வேண்டிய இடம் இதுதான்

கடைக்குப் போய் "தடிப்பான மட்டை தாங்கோ" என்று கேட்காதீர்கள். ஜிஎஸ்எம் எத்தனை என்று கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் கடதாசியின் நிறையைக் கிராமில் சொல்வது அது. ஃபோட்டோகொப்பி கடதாசி 70 அல்லது 80. அட்டையின் அடித்தாள் 250 முதல் 300 வரை இருந்தால்தான் மேசையில் நிமிர்ந்து நிற்கும். டையால் வெட்டி மேலே ஒட்டுகிற பூ, இலைகளுக்கு 120 முதல் 200 வரை. சரிகை மாதிரி நுணுக்கமான வடிவமென்றால் 120 பக்கமாக நில்லுங்கள். 300 ஜிஎஸ்எம்மில் சரிகை வெட்டப் போனால் பாதி வெட்டுப்படும், பாதி டையோடு ஒட்டிக்கொண்டு கிழியும்.

கடதாசிக்கு ஓட்டம் உண்டு. தாளை நீள வாக்கில் ஒருமுறை, அகல வாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாகத்தான் மடிக்க வேண்டும். எதிர்த்து மடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். நிறம் மேலே மட்டும் பூசிய மட்டையென்றால் வெள்ளைக்கோடு பல்லிளிக்கும். ஐம்பது கலியாண அழைப்பிதழை மடித்த பிறகு இதை அறிந்துகொண்டவள் நான். கருஞ்சிவப்பு மட்டை, நடுவிலே ஐம்பது வெள்ளைக்கோடு. அவ்வளவையும் திரும்பச் செய்தேன், என் காசில்.

எங்கே வாங்குவது? அடித்தாள், வெள்ளை மட்டை, உறை எல்லாம் ஊரிலேயே புத்தகக் கடைகளில் எடுக்கலாம். அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள். பெரிய தாள் வெட்டும்போது மிஞ்சுகிற ஓரத்துண்டுகள் அவர்களுக்குக் குப்பை, நமக்குப் பூ. கண்ணாடிப் பளபளப்பு மட்டை, மினுக்க மட்டை, ஊடுதெரியும் வெலம் தாள் போன்றவற்றுக்கு நான் கொழும்பு புறக்கோட்டைக்குத்தான் போகிறேன். இரவு ரயிலில் ஏறினால் விடிய அங்கே நிற்கலாம். திரும்பி வரும்போது மட்டையைச் சுருட்டிக் கட்டித் தருவார்கள், விடாதீர்கள். சுருண்ட மட்டை மெஷினில் நேராகப் போகாது. ஏ4 அளவுக்கு அங்கேயே வெட்டுவித்து, இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். வெட்டுக் கூலி சின்னக் காசு.

3. டை: ஐந்து போதும்

ஆசை இழுக்கிற இடம் இதுதான். முதலில் வாங்க வேண்டிய ஐந்து: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நீள்சதுரச் சட்டங்களின் தொகுதி, அதே மாதிரி வட்டத் தொகுதி, இரண்டு மூன்று இலைகள் சேர்ந்த கொடி, சுருட்டி எடுக்கிற ரோசாப்பூ, வாழ்த்து எழுதும் பட்டையை வெட்டும் சின்னப் பலகை வடிவ டை. இவற்றை வைத்துப் பிறந்தநாளும் செய்யலாம், நன்றி அட்டையும் செய்யலாம். "இனிய நல்வாழ்த்துகள்" என்று தமிழில் வெட்டும் டையை நான் கடைகளில் கண்டதில்லை. வாழ்த்தைக் கையால் எழுதுங்கள், அல்லது அச்சடித்து அந்தப் பலகை வடிவத்தில் வெட்டி ஒட்டுங்கள். ஆங்கில வாழ்த்து டைகளுக்குக் காசைச் செலவழித்துவிட்டு எங்கள் ஆச்சிமாருக்கு அட்டை கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

நத்தார் டைகள், கிறிஸ்மஸ் மரம், பனிமனிதன் எல்லாம் மலிவாக வரும். வருடத்தில் ஒரு மாத வேலைதான். யோசித்து எடுங்கள்.

விற்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று பார்க்க வேண்டும். சில டை நிறுவனங்கள், தங்கள் டையால் கையாலே வெட்டிச் செய்த பொருளை விற்கலாம் என்று எழுதியே வைத்திருக்கும். சில எண்ணிக்கைக் கட்டுப்பாடு போடும். கார்ட்டூன் பாத்திரங்கள் உள்ள டைகளில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றிருக்கும். வாங்க முன்னம் உறையின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

4. இப்போது மெஷின்

கைபிடி சுற்றுகிற மெஷின், கணினியோடு இணைக்கிற மின்சார மெஷின் என்று இரண்டு வகை. கிரிகட், சில்லவெட் போன்றவை இரண்டாம் வகை. அவற்றுக்கு டை தேவையில்லை, சின்னக் கத்தி முனை கணினியில் உள்ள வடிவத்தை வெட்டும். தமிழ் எழுத்தைக்கூட வெட்டலாம். ஆனால் மென்பொருள் பழக வேண்டும், கத்தியும் ஒட்டும் விரிப்பும் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டும், கரண்ட் போனால் வேலையும் போகும். புதியவர்களுக்குக் கைபிடி மெஷின் போதும்.

அளவு முக்கியம். வாய் அகலம் 3 அங்குலம் உள்ள குட்டி மெஷின்கள் விலையைக் காட்டி ஏமாற்றும். அவற்றில் அட்டையின் முகப்புச் சட்டத்தை வெட்ட முடியாது, பூவோடு நிற்க வேண்டியதுதான். வாய் 6 அங்குலம் உள்ள, ஏ5 என்று சொல்கிற அளவை எடுங்கள். ஏ4 அளவு பாரம். மேசையும் பெரிதாக வேண்டும். நான் முதலில் எடுத்தது குட்டி. ஆறு மாதத்தில் விற்றுவிட்டு ஏ5 எடுத்தேன். இரண்டு செலவு.

வாங்கும்போது கையிலே சரிபார்க்க வேண்டியவை: டையையும் மட்டையையும் அடுக்கி மெஷினுக்குள் விடுகிற அடித்தட்டும் வெட்டுத் தட்டுகள் இரண்டும் பெட்டிக்குள் இருக்கின்றனவா, தட்டு மட்டும் தனியாக இங்கே கிடைக்குமா, கைபிடி இரண்டு பக்கமும் சுற்றுகிறதா. தட்டு தேயும் பொருள். தனியாகக் கிடைக்காத மெஷினை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். பாவித்ததை வாங்கினால் உங்கள் மட்டையையும் ஒரு டையையும் கொண்டுபோய் உங்கள் கையாலேயே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெட்டி ஓரத்தில் வெட்டாவிட்டால் உருளை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. வெளிநாட்டில் இருந்து எடுப்பதானால்

டை நிறையைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை, தபாலில் வந்துவிடும். மெஷின் பாரமானது. அனுப்பு கூலியும் சுங்கத்தீர்வையும் சேர்ந்தால் உள்ளூர் விலையைத் தொட்டுவிடும். வற் வரி மட்டுமே 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதம். பட்டியலில் தெரிகிற விலையைப் பார்த்து சந்தோஷப்பட முன்னம் இதைக் கூட்டிப் பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: விற்றவரின் விலைப்பட்டியல், காசு கட்டியதற்கான வங்கிச் சான்று, அடையாள அட்டைப் பிரதி. மூன்றையும் அச்சடித்தே வையுங்கள். பொதியில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி முழுமையாக இருக்க வேண்டும். செல்லப் பெயரில் ஓடர் போட்டுவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை. முகவரியில் 31000 என்ற தபால் இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் மறக்க வேண்டாம். எனக்குச் சாதாரணத் தபாலில் மூன்று வாரத்திலும் வந்திருக்கிறது, ஒன்பது வாரத்திலும் வந்திருக்கிறது. ஆகவே மார்கழிக்குத் தேவையான டையை ஆவணியில் ஓடர் போடுகிறேன்.

6. முதல் அட்டை: ஒரு மான்

பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான் மேய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் விற்ற முதல் அட்டையும் மான்தான். அதைக் கொண்டே சொல்கிறேன்.

ஏ4 மட்டையைக் குறுக்காக இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் ஏ6 அளவு அட்டை, 105க்கு 148 மில்லிமீற்றர். ஒரு தாளில் இரண்டு அட்டை.

மெஷினில் வைக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி: கீழே அடித்தட்டு, அதன்மேல் ஒரு வெட்டுத் தட்டு, அதன்மேல் மட்டை, மட்டையின்மேல் டை, கூரான பக்கம் மட்டையைப் பார்த்தபடி, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாவது வெட்டுத் தட்டு. மெஷினுக்கு மெஷின் வரிசை மாறும், கூட வருகிற தாளைப் பாருங்கள். கூரான பக்கம் எது என்று விரலால் மெதுவாகத் தடவினால் தெரியும், ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கோடு எழும்பி நிற்கும். இதை மாற்றி வைப்பதுதான் எல்லோரும் விடுகிற முதல் பிழை. மட்டை வெட்டுப்படாது, தட்டில்தான் பூ விழும்.

டை நகராமல் இருக்க, இலகுவாக உரிகிற டேப் துண்டு ஒன்றால் மூலையில் பிடித்துவிடுங்கள். செலோடேப் வேண்டாம், மட்டையின் தோலை உரித்துவிடும். டைக்கும் மட்டைக்கும் நடுவே கேக் சுடுகிற பேக்கிங் தாள் துண்டு ஒன்றை வைத்தால் வெட்டுப்பட்ட வடிவம் டையில் சிக்காமல் கழன்றுவரும். அந்த ஒரு துண்டை இருபது முப்பது தடவை பாவிக்கலாம்.

கைபிடியைச் சுற்றும்போது தட்டு முறிவது போல சடசடவென்று சத்தம் வரும். பயப்படாதீர்கள், அது வழமை. கைபிடி இறுகி நின்றுவிட்டால் மட்டும் பலத்தைக் காட்ட வேண்டாம், திருப்பிச் சுற்றி வெளியே எடுத்து அடுக்கு கூடிவிட்டதா என்று பாருங்கள். மாறாக, சரியாக வெட்டாமல் வந்தால் தட்டின்கீழ் சாதாரணக் கடதாசி ஒன்று வைத்து மறுபடி விடுங்கள், போதாவிட்டால் இன்னொன்று. டையை இடத்தை விட்டு அசைக்காமல் இதைச் செய்ய வேண்டும்.

மானின் உடம்பு டையை ஒருமுறை தட்டியதுமே கழன்று வந்துவிட்டது. கொம்பு வரவில்லை. கொம்பின் கிளைகளுக்குள் மட்டை நெருக்கிப் பிடித்திருந்தது. நான் நகத்தால் இழுத்தேன், ஒரு கொம்பு போனது. இரண்டாவது மானுக்கு அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து குண்டூசி எடுத்தேன். டையின் பின்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை ஊசி விடுவதற்கென்றே உள்ளவை. ஒவ்வோர் ஓட்டையாகக் குத்திக்கொண்டு போக, அடியில் இருந்து மேலே, நுனிக் கிளை கடைசியில், முழுக்கொம்பும் தானாக விழுந்தது.

பெரும்பாலான மான் டைகள் நத்தாருக்குச் செய்தவை, பனி நாட்டு மான். உடம்பில் புள்ளி இராது. மண்ணிற மட்டையில் வெட்டி, வெள்ளை ஜெல் பேனையால் முதுகில் புள்ளி வைத்தேன். எங்கள் ஊர் மானாகிவிட்டது. நிலாவெளிக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் அந்த அட்டையில் ஆறு வாங்கினார்.

ஒட்டும்போது பசை பொட்டுப் பொட்டாக, கால், கொம்பு நுனிகளில் ஊசிமுனையளவு. நிறையப் பூசினால் மெல்லிய மட்டை நெளியும். தூக்கித் தெரிய வேண்டுமென்றால் ஸ்பொஞ் டேப் வைக்கலாம். தபாலில் போகிற அட்டைக்கு அது உதவாது, நசுங்கிப் போகும். அதற்குப் பதில் அதே மானை மூன்று தடவை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள், மரத்தில் செதுக்கியது போல நிற்கும்.

அட்டையையே டை வடிவத்தில் வெட்ட ஆசை வரும். மடித்த மட்டையை வைத்து, டையின் ஓர் ஓரம் மடிப்புக்கு ஒரு நூலளவு வெளியே நிற்கும்படி வையுங்கள். அப்படி வைத்தால் மடிப்பு வெட்டுப்படாது. உள்ளே வைத்தால் இரண்டு தனித்தனித் துண்டுகள்தான் மிஞ்சும்.

7. உப்புக்காற்று

கண்டிக்காரர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. எங்களுக்குத் தேவை. டை பெரும்பாலும் இரும்பு கலந்த தகடு. உட்துறைமுக வீதிப் பக்கம் வீடு என்றால் ஜன்னல் கொளுக்கியே துருப்பிடிக்கிறது, டையை விட்டுவைக்குமா? வெட்டி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், வியர்த்த கையால் எடுத்து அப்படியே வைக்காதீர்கள். காந்தத் தாளில் ஒட்டி, இறுக மூடும் பெட்டியில், மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் தை வரைக்கும் மட்டை தண்ணீர் குடிக்கும். ஈரமுள்ள மட்டை பஞ்சு பஞ்சாகத்தான் வெட்டுப்படும், என் முதல் பூ அப்படித்தான் போனது. தாள்களை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே பாரம் வைத்துப் படுக்கையாக வையுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். ஒட்டிய அட்டையைப் புத்தகங்களின் கீழ் ஒரு இரவு விட வேண்டும். வெயில் காலத்தில் வேறு தொல்லை: மலிவான டபுள் டேப் சூட்டில் இளகி, பஸ்ஸில் கொண்டுபோகும்போதே பூ வழுகி இறங்கிவிடும். பெரிய துண்டுகளுக்கு டேப், நடுவில் ஒரு பொட்டுப் பசை, இரண்டும் வையுங்கள்.

வெட்டுத் தட்டு வாழைப்பழம் போல வளையும். ஒவ்வொரு முறையும் மேல் கீழாகப் புரட்டி, முன் பின்னாகத் திருப்பி வைத்தால் நாள் பிடிக்கும்.

8. உறையும் தபாலும்

முதலில் உறை, பிறகு அட்டை. மாற்றிச் செய்து, எந்த உறைக்குள்ளும் போகாத சதுர அட்டைகள் முப்பது என்னிடம் இன்னும் இருக்கின்றன. ஏ6 அட்டைக்கு சி6 உறை, 114க்கு 162 மில்லிமீற்றர். ஏ5க்கு சி5.

சாதாரணக் கடிதத்தின் முதற்கட்டணம் 20 கிராம் வரைக்கும்தான். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று மட்டும் ஏறத்தாழ 18.7 கிராம். அதை ஏ5 அட்டையாக மடித்து, பூ ஒட்டி, உறைக்குள் போட்டால் எல்லை தாண்டிவிடும். 250 ஜிஎஸ்எம்மில் ஏ6 என்றால் அட்டை 8 கிராமுக்குள் அடங்கும், அலங்காரத்துக்கு நிறைய இடமிருக்கும். நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்.

9. விலை போடுவது

என் ஏ6 மான் அட்டைக் கணக்கு இது, உங்கள் கொள்விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடித்தாள் 20 ரூபாய், மேலே ஒட்டும் மட்டைகள் 25, பசை டேப் 15, உறை 20, தட்டும் டையும் தேய்வதற்கு 15. மொத்தம் 95. பழுதாகிறவற்றுக்குப் பத்து ரூபாய் சேர்த்து 105. நேரம் 20 நிமிடம். என் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்தால் அதற்கு 100. ஆக 205. நான் முதல் வருடம் முழுக்க 120க்கு விற்றேன். "வீட்டிலே சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே 205க்கு மேல் சொல்லுங்கள்.

கலியாண ஓடர் என்றால் ஒரு மாதிரி அட்டை செய்து காட்டி, அதன் பின்பக்கத்தில் வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்கி, பாதிக் காசு முற்பணமாகப் பெற்று, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் ஆகியவற்றை அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்துப்பிழைக்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும். ஐம்பது அட்டைக்கு நான் மூன்று வாரம் கேட்பேன். ஆடியில் கலியாணம் குறைவு, அந்த மாதத்தில் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கான பூக்களை வெட்டி டப்பாவில் சேர்க்கிறேன். புரட்டாதியில் பிள்ளைகள் கதவைத் தட்டும்போது ஒட்டுவது மட்டும்தான் மிச்சம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விற்க நினைப்பவர்கள் மே முதல் செப்டெம்பர் வரையான உல்லாசப் பயணிகள் காலத்தை விடாதீர்கள்.

10. பெயர் பதிவு

உங்கள் சொந்தப் பெயரில் விற்கும் வரை வியாபாரப் பெயர் பதிவு தேவையில்லை. கடைப்பெயர் ஒன்று வைத்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கப் போனால் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, அடையாள அட்டைப் பிரதியோடும் இடத்துக்கான ஆவணத்தோடும் கொடுக்க வேண்டும். கட்டணத்தை விண்ணப்பம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இடத்துக்கான ஆவணத்தில்தான் நான் தடக்கினேன். வீடு அம்மாவின் பெயரில். காணி உறுதியின் பிரதியை மட்டும் கொண்டுபோனேன், சம்மதக் கடிதம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து கடிதம் எழுதி, அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து மறுநாள் போனேன். கவுன்டரில் கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்கள். கீழே அம்மா கையொப்பம் வைக்கவில்லை.